சிறகு இருந்த இடத்தில் மாங்காய்

தெய்வநாயகி,

நீ எழுவதற்குள் காஞ்சிபுரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறேன். மாவு பொங்கி வழிந்தது, வேறு குண்டானில் மாற்றியிருக்கிறேன். பீரோ சாவி அரிசி டப்பாவில்.

உன் தேவதைப் படம் திரும்பி வந்துவிட்டது, மேசை மேல் இருக்கிறது. பார்த்ததும் அலறாதே, முதலில் இதைப் படி.

டெல்லிக்குக் குடிபோகிற கற்பகத்துக்கு அன்பளிப்பாக வரைந்தாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? சேலை டிசைன் போடுகிற கட்டத்தாளில் வரைந்தால், முந்தானைக்கு என்றுதான் எந்த வியாபாரியும் நினைப்பான். சேவூர் தறிக்காரர் வீரபாகுவுக்கு விற்றுவிட்டேன். "சிநேகிதிக்கு வரைஞ்சது உங்களுக்குச் சரக்காங்க?" என்று கேட்டதுதான் நீ கடைசியாகப் பேசியது.

நேற்று திருப்பிக் கேட்டால் வீரபாகு சொல்கிறார்: "பொம்மை ஷோக்கா கீது மொதலாளி. றெக்கைதான் தறியில பேஜாரு. அழிச்சிட்டு ரெண்டு மாங்கா போட்டுட்டேன்."

பேரமே பேசாமல், கேட்டதைக் கொடுத்து வாங்கிவந்தேன். பஜாரில் சொல்லிவிடாதே, மானம் போய்விடும்.

நல்லவேளை, பென்சில். மாங்காயை அழித்துவிட்டுச் சிறகை நானே வரைந்திருக்கிறேன். வலது பக்கம் பரவாயில்லை. இடது பக்கம் காக்காய்.

காலையிலேயே கற்பகம் வருவாள், காபி கொடு. சிறகைப் பார்த்துச் சிரித்தால் என் பேரைச் சொல்.

ஜெகநாதன்

இன்னொன்று: பதிலை இதன் பின்பக்கம் எழுதி வைக்காதே. திட்டுவதானாலும் வாயைத் திறந்து திட்டு. ரெண்டு நாளாக வீடு கடையடைப்பு நடக்கிற பஜார் மாதிரி இருக்கிறது.