வெங்காயம் தூக்கலாக ஒரு ஆம்லெட்

போன செவ்வாய்க்கிழமை சென்னையிலிருந்து திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பெரம்பலூர் தாண்டியதும் பஸ்ஸைக் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு சாப்பாட்டுக் கடை முன்னால் நிறுத்தினார்கள். கம்பு வைத்திருந்த ஒருவன் பஸ்ஸின் தகரத்தில் டம் டம்மென்று அடித்து, "பத்து நிமிஷந்தான் நிக்கும், சாப்புடுறவங்க எறங்குங்க" என்றான். இறங்கினேன். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்து விளக்குமாற்றால் தேய்க்கிற வாசனை வந்தது. அந்த வாசனைக்கு எல்லோருக்கும் பசிக்கும். எனக்குக் கோபம்தான் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன், நீ செத்து ஏழு மாதம் கழித்து.

இப்போது ஃபாஸ்ட் ஃபுட் என்று போர்டு வைக்கிறார்கள். பெயர் தெரியாமலே பாடாலூர் ரோட்டோரக் கடையில் நாம் அதைத்தானே செய்தோம். எண்பதுகளின் தொடக்கம். நீ தோசைக்கல்லில் மாஸ்டர், நான் சப்ளையர். இருவருக்கும் இருபத்தைந்தோ இருபத்தாறோ. பஸ் வந்து நின்றால் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் மேலே விழுவார்கள். ஒருவருக்குச் சட்னி வேண்டாம், ஒருவருக்குச் சாம்பார் போதாது, இன்னொருவருக்கு நான் தண்ணீர் வைத்த டம்ளர் பிடிக்காது. யாரும் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை, கையைத்தான் பார்த்தார்கள். ஈரத்தரையில் நின்று நின்று என் கால்விரல் இடுக்கெல்லாம் புண். உனக்கு முழங்கை வரை சூட்டுத் தழும்பு. நமக்குச் சாப்பாடு இரண்டு பஸ்ஸுக்கு நடுவில், நின்றபடி. அதையும் நீ கேலியாக்குவாய். "மாப்ள, நம்மளும் பத்து நிமிஷ பாசஞ்சர்தான்டா" என்பாய்.

அந்தக் கடையின் சூட்சுமம் உனக்கு நினைவிருக்கும். முதலில் டோக்கன் வாங்க வேண்டும், பிறகுதான் சாப்பாடு. உன் கல்லில் ஒரு தடவைக்கு எட்டுத் தோசைதான் விழும். முப்பது பேருக்குத் தோசை டோக்கன் கொடுப்பார் முதலாளி. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் தனி ரூம், ஃபேன், இலவசச் சாப்பாடு. அவர்களுக்குத்தான் முதலில் போக வேண்டும் என்பது உத்தரவு. டிரைவர் கை கழுவினால் கண்டக்டர் விசில் ஊதுவார். தோசை வராத பாதிப்பேர் டோக்கனைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அவர்களுக்காகச் சுட்ட தோசை அடுத்த பஸ்காரர்களுக்குப் போகும். நாம் அதற்கு விசில் தோசை என்று பெயர் வைத்திருந்தோம். யாரிடமும் இல்லை என்று சொல்லக்கூடாது, "இதோ வருதுங்க" என்றுதான் சொல்ல வேண்டும். சுடுவது உன் வேலை. பொய் சொல்வது என் வேலை.

ஒரு காலையில், கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணிடமும் அப்படித்தான் சொன்னேன். மூன்று தடவை சொன்னேன். விசில் ஊதியதும் அவள் ஓடிப்போய் ஏறினாள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். திட்டக்கூட இல்லை. அன்றைக்குத்தான் உன்னிடம் வந்து அந்த யோசனையைச் சொன்னேன். நான்தான் சொன்னேன், நீ இல்லை. ஆம்லெட் வராமல் எந்த டிரைவரும் எழுந்திருக்க மாட்டார். பரோட்டாவை உடனே அனுப்பு, ஆம்லெட்டை நிறுத்தி வை. கூட்டம் அதிகமாக இருந்தால் நான், "டிரைவருக்கு ஒரு ஆம்லெட், வெங்காயம் தூக்கலா" என்று குரல் கொடுப்பேன். அதைக் கேட்டால், தோசை எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான் நீ முட்டையை உடைக்க வேண்டும்.

நீ கல்லைத் தேய்த்துக்கொண்டே கேட்டாய். உனக்கு அப்போதே இரண்டு பிள்ளைகள். பிறகு, "கொரலு மட்டும் சத்தமா குடு மாப்ள" என்றாய்.

இரண்டு மாதம் ஓடியது. அந்த இரண்டு மாதமும் சனங்கள் சாப்பிட்டார்கள். நான் சொன்ன "இதோ வருதுங்க" முதல் தடவையாக உண்மையாக இருந்தது. உன் கை ஓடிய வேகத்தை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. ஒரு பக்கம் மாவை இழுத்துக்கொண்டே மறுபக்கம் திருப்புவாய்.

பிறகு ஒரு டிரைவர், எச்சில் கையோடு நேராக அடுப்படிக்கு வந்துவிட்டார். கல் நிறையத் தோசை, பக்கத்தில் உடைக்காத முட்டை. அவருக்குப் புரிந்துவிட்டது. இனிமேல் எந்த வண்டியும் இங்கே நிற்காது என்று கத்தினார். முதலாளி ஓடிவந்து, "யாரு பண்ண வேலடா இது?" என்றார்.

நான் ஆறு தட்டை ஏந்திக்கொண்டு உனக்கு இரண்டடி தள்ளி நின்றேன். தரையைப் பார்த்தேன்.

"நாந்தாங்க மொதலாளி. ஒடம்பு சொகமில்ல, கை ஓடல" என்றாய்.

டிரைவர் முன்னால் உன்னைக் கைகூப்பி நிற்க வைத்தார்கள். பயணிகளெல்லாம் பார்த்தார்கள். அவர்கள் வாயில் உன் தோசை இருந்தது. ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினாய். என்னைத் தாண்டும்போது, "சாம்பாரு அடிப்புடிக்குது பாரு" என்று மட்டும் சொன்னாய். நான் போய்ச் சாம்பாரைக் கிண்டினேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என் செவிட்டில் நானே அறையலாம் போலிருக்கிறது. என் மனைவி அப்போது மாசமாக இருந்தாள் என்று பல வருடம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உனக்கு மட்டும் குடும்பம் இல்லையா?

அதற்குப் பிறகு எந்த ரோட்டுக் கடையும் உன்னைச் சேர்க்கவில்லை. முதலாளிகளுக்குள் பேச்சுப் பரவிவிட்டது. நீ அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குழியில் கல் சுமக்கப் போனாய். ஒரு கல்யாண வீட்டில் உன்னைப் பார்த்தபோது தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளைத் தூசி படிந்த மாதிரி நரைத்திருந்தது. நான் வாயைத் திறந்தேன். நீ முந்திக்கொண்டு, "மொதல்ல சாப்புடு மாப்ள, இங்க விசில் ஊத மாட்டாங்க" என்றாய். உன்மேலும் எனக்குக் கோபம்தான். ஏன் என்னைச் சொல்லவிடவில்லை? ஒரு தடவை திட்டியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? மன்னித்தவன் மாதிரி சிரித்து என்னைக் கடன்காரனாகவே விட்டுவிட்டுப் போய்விட்டாய்.

துக்கம் கேட்கத் திருமானூருக்கு உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி காபி கொடுத்தது. உன் பழைய வேலையைப் பற்றிப் பேச்சு வந்தது. "அவுருக்குக் கை மந்தம்னு அனுப்பிட்டாங்கண்ணே. பாவம், வேகம் பத்தல" என்றது. நீ வீட்டில்கூடச் சொல்லவில்லை. நாற்பது வருடம், கட்டினவளிடமே கை மந்தமானவன் என்ற பெயரோடு இருந்திருக்கிறாய். உன் கை மந்தமா? அங்கேயும் நான் காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அந்தக் கண்ணாடிக் கடையில் தொப்பி போட்ட ஒரு பெண், டோக்கனோடு நின்ற ஒரு அம்மாவிடம், "இதோ வருதுங்க மேடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதன் கண்ணைப் பார்த்தேன். வராது என்று அதற்குத் தெரியும். இங்கேயும் டிரைவருக்குத் தனி ரூம்தான். அவர் கை கழுவ எழுந்தார். எனக்கு என்ன வந்ததோ, நேராக அந்த ரூமுக்குள் போனேன். "டிரைவர் அண்ணனுக்கு ஒரு ஆம்லெட், வெங்காயம் தூக்கலா. என் செலவு" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். நாற்பது வருடத்தில் டிரைவர்கள் மாறவில்லை.

கண்டக்டர் இரண்டு தடவை விசில் ஊதினார். பிறகு உள்ளே வந்து, "வண்டி முழுக்க ஆளு காத்துக்கெடக்கு. யாருங்க லேட் பண்றது?" என்றார்.

"நான்தாங்க" என்றேன். "லேட் பண்ணச் சொன்னது நான்தான்."

அவர் என் நரைத்த தலையைப் பார்த்தார். "சரி, ஏறுங்க பெருசு" என்றார். அவ்வளவுதான். பஸ் கிளம்பியபோது அந்த அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு ஏறியது. இத்தனை சின்ன வார்த்தையைச் சொல்லாமல்தான் உன்னைக் கல் சுமக்க விட்டிருக்கிறேன். பஸ்ஸில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

நாளைக் காலையில் திருமானூருக்குப் பஸ் ஏறுகிறேன். இந்தத் தடவை காபி குடிப்பதற்கு முன்னாலேயே உன் மனைவியிடம் சொல்லிவிடுவேன். அந்த ரோட்டில் உன் கையைப் போல வேகமான கை இல்லை என்று. அதை நிறுத்தி வைத்தது நான் என்று.