பின்சீட்டைக் காட்டிய கண்ணாடி

மார்ச் 12, புதன்.

ஸ்டேஷனிலிருந்து ஆண்டர்சன்பேட்டைக்கு டாக்சியில் வந்தேன். டிரைவருக்கு அறுபது வயதிருக்கும். முன்னாலிருந்த கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். "இன்னாங்க, கண்ணாடிய திருப்புங்க. ரோட்ட பாத்து ஓட்டுங்க" என்று சிடுசிடுத்தேன். உடனே திருப்பிவிட்டார்.

மூடிப்போன மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்துக்குள் ஆட்கள் இறங்கிய பழைய ஷாஃப்ட் வந்ததும் மெதுவாகச் சொன்னார்.

"இதுல ஆளுங்கள கேஜ் லிஃப்ட்ல எறக்கி ஏத்தினவன் நான்தாம்மா. மேல இன்ஜின் ரூம்ல ஒக்காந்து கீழருந்து வர்ற பெல் சத்தத்த கேட்டே கேஜ ஓட்டணும். ஒருத்தர் மூஞ்சியும் பாத்ததில்ல. இப்பதான் வண்டில ஏறுறவங்க மூஞ்சிய பாக்குறேன்."

அப்பா தினமும் இறங்கி, பத்திரமாக ஏறி வந்தது அந்த ஷாஃப்டில்தான். எனக்கு அப்படியே அப்பா ஜாடை. அவர் ஏற்றி இறக்கிய ஒருவரின் மகள் நான் என்று வீடு வருவதற்குள் சொல்லியிருக்கலாம். கண்ணாடியைத் திருப்பச் சொன்ன வாய்க்கு அதைச் சொல்ல வரவில்லை.