எங்கள் லைன் பெண்களின் ஒரே முகம்

அக்கா,

இன்று காலை அந்த இணையப் பக்கம் காணாமல் போயிருந்தது. நம்மைப் போன்ற கம்பெனிப் பெண்களின் படங்களைத் திருடிப் போட்டுக் கேலி பேசிய அதே பக்கம்தான். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பஸ் வரவில்லை. ஒரகடத்தில் டீக்கடைக் கூரைக்கு அடியில் ஒதுங்கி நின்று வழக்கம்போலப் போனில் தேடினேன். அப்படி ஒரு பக்கம் இல்லை என்று ஆங்கிலத்தில் வந்தது. நம்பாமல் திரும்பவும் தேடினேன். இல்லை. சந்தோஷத்தில் முதலில் உனக்குச் சொல்லத்தான் கை போனது. உன் நம்பரைத் திறந்தால், உன் படம் இருந்த இடத்தில் பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து ஒரு குழந்தை சிரிக்கிறது. நீ போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் உன் நம்பரை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அந்தக் குழந்தை மேல் எனக்கு வந்த கோபத்தைப் பார்த்திருந்தால் நீ சிரித்திருப்பாய்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து கம்பெனியில் சேர்ந்த புதிதில் எனக்கு உன் பேச்சு பாதி புரியாது. கார்களுக்குப் போகும் ஒயர்களைச் சேர்த்து டேப் சுற்றும் லைனில் எனக்கு அடுத்து நீ நின்றாய். நீ பென்னலூர்க்காரி, நான் நாலு பெண்களோடு வாடகை அறையில் இருந்தவள். உன்னை நான் நீங்க என்று கூப்பிட்டது முதல் நாள் மட்டும்தான். "இன்னாடி நீங்க வாங்கன்னுகினு, நான் இன்னா உன் மாமியாரா?" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி கேட்டாய். அன்றிலிருந்து நீதான்.

நம்பர் விஷயத்தில் நாம் எவ்வளவு உஷாராக இருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? ரீசார்ஜ் கடையில் போய் நம்பரைச் சொன்னால் சாயங்காலமே எவனாவது "ஹலோ, சாப்டியா" என்று கூப்பிடுவான். அதனால் நாம் சுரண்டும் கார்டு மட்டும்தான் வாங்குவோம். கடைக்காரன் கார்டு ஸ்டாக் இல்லை என்று சொன்னால் பேலன்ஸ் இல்லாமலே கிடப்போமே தவிர, நம்பரைச் சொல்ல மாட்டோம். என் அறைப் பெண் ஒருத்தி ஊரில் இருக்கும் அம்மாவிடம் பேசாமலே வாரக்கணக்கில் இருந்திருக்கிறாள்.

அப்படிக் காத்த நம்பரைத்தான் சூப்பர்வைசர் ஒரே நாளில் ஊருக்கே கொடுத்தார். பஸ் லேட், ஷிஃப்ட் மாற்றம், ஓடி என்கிற ஓவர்டைம் எல்லாம் இனி போனில் வரும் என்று ஆண், பெண், டிரைவர், கான்ட்ராக்ட் ஆட்கள் எல்லோரையும் ஒரே குரூப்பில் சேர்த்துவிட்டார். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குரூப்பை விட்டு வெளியே வந்தால் பஸ் எப்போது வரும் என்று தெரியாது, ஓடியும் கிடைக்காது. அதனால் யாரும் வெளியே வரவில்லை.

அப்போது என் டிபியில், அதான் போனில் பெயரோடு தெரியும் படத்தில், தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் சுடிதாரில் இருந்தேன். முதல் முறையாக என் சம்பளத்தில் வாங்கிய துணி என்பதால் ஆசையாக வைத்திருந்தேன். அந்தப் படத்தை எவனோ எடுத்து அந்தப் பக்கத்தில் போட்டான், கீழே என் நம்பரோடு. ரேட் எவ்வளவு என்று ஒருவன் கேட்டிருந்தான். அதற்குக் கீழே எவ்வளவோ பேர் சிரித்திருந்தார்கள். நான் பாத்ரூமில் போய் நின்றுகொண்டு வெளியே வரவே இல்லை. நீதான் கதவைத் தட்டினாய்.

சூப்பர்வைசரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனதும் நீதான். அவர் போனை வாங்கிப் பார்த்தார், கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். பிறகு, "உன்னை யாரும்மா போட்டோ வைக்கச் சொன்னது?" என்றார். எனக்கு அங்கேயே உடம்பு கூசிப் போனது. அவர் சொன்னது சரிதானே என்றுகூட எனக்குத் தோன்றிவிட்டது, அக்கா. இன்றைக்கும் சில நேரம் தோன்றுகிறது.

அதற்குள் கோயமுத்தூரில் இருக்கும் பெரியப்பா மகன் அதைப் பார்த்து ஊருக்குச் சொல்லிவிட்டான். அப்பா போன் செய்தார். திட்டவில்லை. "போதும் தாயி, வேல பாத்தது போதும். வந்துரு" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஊருக்குப் போனால் அவசர அவசரமாக யாருக்காவது கட்டிவைத்து விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். கேன்டீனில் தட்டை வைத்துக்கொண்டு அழுத என்னிடமிருந்து நீ போனைப் பிடுங்கிப் பேசினாய்.

"அப்பா, உங்க பொண்ணு ஒரு தப்பும் பண்ல. போட்டோவ திருட்னவன் நல்லா துன்னுட்டு தூங்கிக்கினு கீறான். இவ எதுக்கு மூட்டைய கட்டணும்?"

அப்பா, "நீங்க யாரு தாயி?" என்று கேட்டார்.

"லைன்ல அவளுக்கு அடுத்து நிக்கிறவ."

பொங்கல் வரைக்கும் பார்க்கலாம் என்றார் அப்பா.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் நீ செய்ததை இப்போதும் யாராவது சொல்லிச் சிரிப்பார்கள். தலையில் வலைத்தொப்பியும் நீலக் கோட்டுமாக, தெத்துப்பல் தெரியச் சிரிக்கும் உன் படத்தை ஒவ்வொரு சீட்டாகப் போய் எல்லாப் பெண்களுக்கும் அனுப்பினாய். "எல்லாரும் இத்த டிபி வைங்கடி. எவ எவன்னு இப்ப கண்டுபுடிக்க சொல்லு அந்த நாய்ங்கள" என்றாய். சிலர் தயங்கினார்கள். "என் மூஞ்சி அவ்ளோ மோசமாவா கீது?" என்று கேட்டு அவர்களையும் வைக்க வைத்தாய். பஸ் கேட்டுக்குள் நுழையும்போது குரூப்பில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் நீதான். சூப்பர்வைசர் ஒருத்திக்கு அனுப்ப வேண்டியதை இன்னொருத்திக்கு அனுப்பி, அன்று முழுக்கத் திண்டாடினார்.

எனக்கு வந்த போன்கள் குறைந்தன. நம்பரைத் திறந்து பார்த்தவனுக்கெல்லாம் உன் முகம்தான் தெரிந்தது. அடுத்து அந்தப் பக்கத்தில் உன் முகம் வந்தது.

உன் பல்லைப் பற்றி எழுதினார்கள், நிறத்தைப் பற்றி எழுதினார்கள். கம்பெனி இந்த முகத்தை அச்சில் வார்த்து எடுக்கிறது என்று எழுதினார்கள். நீ அதையெல்லாம் கேன்டீனில் எழுந்து நின்று, டிவியில் செய்தி வாசிப்பதுபோல வாசித்துக் காட்டினாய். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தப் பக்கத்தைப் பற்றிப் புகார் அனுப்பினோம். எங்கள் விதிகள் எதையும் இது மீறவில்லை என்று பதில் வந்தது. நாம் இரண்டு பேரும் எழுத்துக்கூட்டிப் படித்தோம். "இவங்க ரூல்ஸ்ல நம்ம மூஞ்சிக்குன்னு ஒரு ரூல் இல்லியா?" என்று கேட்டாய். அந்த நாட்களில் டிவியில் கோட்டு போட்டவர்கள் உட்கார்ந்து, இணையத்தில் யாருக்கு என்ன சுதந்திரம் என்று மாறி மாறிக் கத்திக்கொண்டிருப்பார்கள். நீ அவர்களிடமும் அதையே கேட்பாய், டிவியைப் பார்த்து.

ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து லாக்கர் ரூமுக்கு வந்தேன். நீ தனியாக நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கட்டைவிரல் மேலேயும் கீழேயும் போய்க்கொண்டிருந்தது. வாசித்ததையே திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறாய் என்று புரிந்தது. என்னைப் பார்த்ததும், "சும்மா, புச்சா எதுனா போட்டுகீறானுங்களான்னு பாத்தேன்" என்றாய். அதற்குப் பிறகுதான் கவனித்தேன், நீ சிரிக்கும்போது கையால் வாயை மூட ஆரம்பித்திருந்தாய். எனக்கு வரவேண்டிய அசிங்கம் உன் வாயில் போய் உட்கார்ந்துவிட்டது என்று நினைத்துக் கூனிக் குறுகிப் போனேன்.

மஞ்சள்காமாலை என்று லீவு போட்டாய். திரும்பி வரவில்லை. செய்தி அதே குரூப்பில்தான் வந்தது. கும்பிடும் கைகளாக வந்து குவிந்தன. உன்னைக் கேலி செய்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள், யார் என்றுதான் தெரியாது. அதற்கு நடுவிலேயே, செகண்ட் ஷிஃப்ட் பஸ் பத்து நிமிஷம் லேட் என்று சூப்பர்வைசர் போட்டார்.

பெண்கள் ஒவ்வொருத்தியாக டிபியை மாற்றிக்கொண்டார்கள். ஒருத்தி பூ வைத்தாள், ஒருத்தி தன் கல்யாணப் படத்தை வைத்தாள். நான் மாற்றவில்லை. இப்போதும் என் டிபி நீதான். "செத்துப்போன பிள்ள மூஞ்சிய எதுக்குட்டி வச்சிருக்க?" என்று என் அம்மா சண்டை போடுகிறாள். கம்பெனியில் என்னைப் பார்த்து, இருந்தால் இப்படி ஒரு சிநேகிதி இருக்கவேண்டும் என்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு முகம் சுருங்கிப் போகிறது. அந்தப் பக்கம் இருக்கும்வரை என் முகத்தை எங்கேயும் வைக்கமாட்டேன் என்பதுதான் என் கணக்காக இருந்தது. இன்று அந்தப் பக்கம் போய்விட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னை ஒரு படம் எடுத்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது. வைக்க முடியவில்லை.

சாயங்காலம் உன் அம்மாவுக்குப் போன் செய்தேன். உன் போன் இப்போது அவரிடம்தான் இருக்கிறது, வேறு நம்பர் போட்டிருக்கிறார். மழையில் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாயா என்று கேட்டார். நானாகத்தான் பேச்சை எடுத்தேன்.

"அம்மா, போன்ல என் போட்டோவ மாத்தலாம்னு இருக்கேன்."

"எனக்கு படிக்கத் தெரியாதும்மா. நீ போன் பண்ணா எம்பொண்ணு மூஞ்சி வர்து. அத்த ஒரு தபா பாத்துட்டுதான் எடுப்பேன்" என்றார். பிறகு அவரே, "பரவால்ல, மாத்திக்கோம்மா. உன் இஷ்டம்" என்றார்.

"இல்லம்மா, மாத்தல" என்றேன் அவசரமாக.

"நீ நல்லா இருக்கணும்மா. அவ மேல எம்மாம் பாசம் உனக்கு" என்று அழுதார்.

பாசம் இல்லாமல் இல்லை, அக்கா. ஆனால் மாற்றாதே என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்றுதான் நான் அந்தப் பேச்சையே எடுத்தேன். இது உனக்கு மட்டும் தெரியட்டும். உன் அம்மாவின் ஆசீர்வாதத்தையும் வாங்கிக்கொண்டு, நான் இன்னும் உன் முகத்துக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருக்கிறேன்.