அடித்துக்கொண்டால் கிடையாது, கேட்டால் உண்டு

எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் என் கடிதத்துக்குப் பதில் போட்டுவிடும் அண்ணனுக்கு, இந்த முறை பதில் எதிர்பார்க்காமல் பிலோ எழுதுவது.

உன்னோடு ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது. கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரி ஏற்றிவிட்டு அங்கேயே போடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அண்ணி பக்கத்தில் நிற்பார்கள், ஜெனி என் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அவர்கள் எதிரில் உன்னைத் திட்ட எனக்கு வாய் வராது.

நீ மஸ்கட்டுக்கு விமானம் ஏறியபோது உன் மகளுக்கு மூன்று வயது, பேச்சு வரவில்லை. ஆற்றில் தண்ணீர் வராத வருஷம், குத்தகை நிலத்தை விட்டுவிட்டுப் போனாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வலங்கைமான் கடைத்தெரு பூத்தில் அண்ணியும் நானும் அவளும் உன் போனுக்காகக் காத்திருப்போம். நாங்கள் பேசத் தொடங்கியதும் அவள் கண்ணாடிக் கதவில் தலையை மோதுவாள். நீ அந்தப் பக்கத்திலிருந்து கத்துவாய்: “ஏய், பிள்ளை மோதிக்குது பாரு, போனை மொதல்ல அவ காதுல வைய்யி!” வைப்போம். மோதுவது நின்றுவிடும். உனக்குப் பெருமை தாங்காது.

அந்தப் பெருமையில்தான் கேசட்டில் பேசி அனுப்பினாய். “ஜெனிக்குட்டி, அப்பா பேசுறேன். சாப்டியா? அத்தை அடிச்சாளா? சொல்லு, வந்து கேக்குறேன்.” பின்னால் உன் அறை நண்பர்கள் சிரிப்பார்கள். அவள் தலையை மோதும்போதெல்லாம் அதைப் போட்டோம். பிறகு உன்னைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். போன் நின்றது, கேசட் மட்டும் மிஞ்சியது. மோதினாள், போட்டோம். மறுபடி மோதினாள், மறுபடி போட்டோம்.

அவளுக்கு ஏழு வயதானபோது கண் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “வலது கண்ணுல விழித்திரை கழண்டுக்கிட்டு வருதும்மா. இன்னும் இப்படியே மோதினா பார்வை போயிரும். மொதல்ல அதை நிறுத்துங்க.” எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்லவில்லை.

அப்போதுதான் தஞ்சாவூரில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான மையம் ஒன்றில் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நடத்தைப் பயிற்சி உதவியாளர் என்று பெயர். படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவள், போய்ச் சேர்ந்துகொண்டேன். முதல் நாள் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள், மூன்று கட்டங்கள் போட்டது. முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதன் பின்னால் அதற்கு என்ன கிடைத்தது. உன் அபிப்பிராயத்தை எழுதாதே, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது என்றார்கள். ‘கோபப்பட்டாள்’ என்று எழுதினால் சிவப்பு மையில் அடித்துவிடுவார்கள்.

ஜெனியை ஒரு வாரம் வீட்டில் பார்த்து எழுதினேன். மூன்றாவது கட்டத்தில் வரிக்கு வரி ஒரே வார்த்தைதான் இருந்தது: கேசட். பஸ்ஸில் உட்கார்ந்து அந்தத் தாளை இரண்டு தடவை படித்தேன். ஒரு செயலுக்குப் பின்னால் எது கிடைக்கிறதோ, அதுதான் அந்தச் செயலை வளர்க்கும். அவளுக்குத் தலையை மோதக் கற்றுக்கொடுத்தது நாம்தான், அண்ணே. நீ தொடங்கிவைத்தாய், நாங்கள் நடத்தினோம். பாசத்தோடு செய்தோம் என்பதற்காக அது பாடம் இல்லை என்றாகிவிடுமா?

மையத்தில் மேற்பார்வை பார்க்கும் மேடம் மாதம் இரண்டு முறை சென்னையிலிருந்து வருவார். நானே ஜெனிக்குப் பயிற்சி கொடுக்கிறேன் என்றேன். முடியாது என்றுவிட்டார். “நீங்க அத்தை. கை நடுங்கும். மையத்துல வேற ஒருத்தர் செய்யட்டும். வீட்டுல நான் எழுதிக் குடுக்குறதை மட்டும் செய்யுங்க, எழுதாததைச் செய்யாதீங்க.”

அவர் எழுதிக் கொடுத்தது இதுதான். உன் போட்டோ ஒட்டிய ஓர் அட்டை எப்போதும் ஜெனிக்கு எட்டும் இடத்தில் தொங்க வேண்டும். அவள் அதை எடுத்துக் கையில் கொடுத்தால் உடனே கேசட். முதலில் பின்னாலிருந்து நான் அவள் கையைப் பிடித்து அட்டையைக் கொடுக்க வைக்க வேண்டும், பிறகு மணிக்கட்டை மட்டும் தொட வேண்டும், பிறகு என் கையே கூடாது. அவள் மோதினால் சுவருக்கும் தலைக்கும் நடுவில் தலையணை. பேச்சு கிடையாது, கேசட் கிடையாது.

“ஆனா ஒண்ணு,” என்றார் மேடம். “மொதல்ல கூடும். மோட்டார் ஓடலைன்னா சுவிட்சை ஒரு தரம் அமுக்கிட்டு விட்டுடுவீங்களா? பத்துத் தரம் ஓங்கி அமுக்குவீங்க இல்ல? அவளும் அதைத்தான் செய்வா. தலையணையைத் தாண்டி ஒரு அடி பட்டாலும் எனக்கு போன் பண்ணுங்க. நீங்களா எதையும் மாத்தாதீங்க.”

முதல் இரண்டு நாள் தாங்கினேன். மூன்றாம் நாள் நம் வீட்டுக்குப் பின்னால் சம்பா நடவு. காலையில் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. நான் தலையணையோடு சுவர் சுவராக ஓடினேன். அண்ணி சமையலறை வாசலில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார்கள். அட்டையை எடுக்கவைக்கக் கையைப் பிடித்தால் என்னைக் கடித்தாள். அவள் அலறல் கேட்டு நடவுப் பெண்கள் நாற்று முடியைக் கீழே போட்டுவிட்டு, சேற்றுக் காலோடு கொல்லைக்குள் வந்துவிட்டார்கள்.

“பிள்ளையை என்னடி பண்றீங்க?”

“ஒண்ணுமில்லக்கா, பயிற்சி.”

“என்ன எழவு பயிற்சி! அப்பன் குரலைக் கேக்கத்தானே அழுவுது? போட்டு விட்டுட்டுப் போயேன். ஒன் அண்ணன் இருந்தா இப்படிப் பாத்துக்கிட்டு நிப்பானா?”

நீ இருந்தால் நிற்க மாட்டாய், எனக்குத் தெரியும். நான் பொத்தானை அமுக்கினேன். “ஜெனிக்குட்டி, அப்பா பேசுறேன்” என்றாய். அவள் அந்த நொடியே அடங்கித் தரையில் உட்கார்ந்தாள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடவுக்குப் போனார்கள். எனக்கும் அப்பாடா என்றிருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் தாளில் பொய் சொன்னேன். அன்றைய வரியில் ‘கேசட் போடவில்லை’ என்று எழுதினேன்.

அடுத்த பத்து நாளும் நரகம். கொஞ்ச நேரம் மோதினால் கிடைக்காது, இரண்டு மணி நேரம் மோதினால் கிடைக்கும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன் அல்லவா? அதைச் சரியாகவே கற்றுக்கொண்டாள். தலையணை கிழிந்து பஞ்சு வந்தது. ஒரு நாள் காலையில் வலது பக்கமாக நாங்கள் நீட்டிய சாப்பாட்டுத் தட்டை அவள் தட்டிவிட்டாள். அவள் பார்க்கவில்லையா, வேண்டாம் என்று தள்ளினாளா? அண்ணியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மேடம் வந்தார். அவள் தினமும் எத்தனை தடவை மோதினாள் என்று நான் எழுதிய எண்களையெல்லாம் கோடாகப் போட்டுப் பார்த்தார். கோடு ஏறிக்கொண்டே போயிற்று. “நம்ம கணிப்பு தப்பு போலிருக்கு. கேசட்டுக்காக இல்ல, வேற எதுக்கோ செய்யிறா. திட்டத்தை நிறுத்திடலாம். தூக்க மருந்து குடுக்கச் சொல்லி டாக்டருக்கு எழுதுறேன்” என்று பேனாவை எடுத்தார்.

நான் வாயைத் திறக்காவிட்டால் என் வேலை பிழைக்கும், ஜெனி நாள் முழுக்க மருந்தில் கிடப்பாள். திறந்தால்? “மேடம், மூணாம் நாள் போட்டேன். எழுதல” என்றேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பேனாவை மூடி வைத்தார். “போட்டது தப்பு. அது மனுஷத் தப்பு. எழுதாதது வேற. நீங்க எழுதினதை நம்பித்தான் நான் அந்தக் கண்ணைப் பத்தி முடிவு எடுக்குறேன்.” மூன்று மாதத்துக்கு என்னைத் தனியாக எந்தப் பிள்ளையிடமும் விடவில்லை. நியாயம்தான்.

திட்டத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். இந்த முறை மேடமே நான்கு நாள் நம் வீட்டில் இருந்தார். நடவுப் பெண்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தோம். ஐந்தாம் நாள் காலை நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மடியில் ஏதோ விழுந்தது. உன் போட்டோ அட்டை. யாரும் அவள் கையைத் தொடவில்லை, அண்ணே. தானே எடுத்துவந்து கொடுத்துவிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் டேப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். வெங்காயக் கையோடு ஓடிப் போட்டேன்.

அன்றைக்கு நாற்பத்தொரு தடவை கொடுத்தாள். கொடுத்தபோதெல்லாம் போட வேண்டும், அதுதான் சட்டம். மோதியது இரண்டே தடவை. அந்த வாரக் கடைசியில் அதுவும் இல்லை. கண் டாக்டர் விழித்திரையின் ஓரத்தில் லேசர் ஒளி பாய்ச்சி ஒட்டிவிட்டார், பார்வை நிற்கும் என்கிறார். இனி “கொஞ்சம் பொறு” என்பதற்குப் பழக்க வேண்டும். அது வேறு கதை.

எனக்கு அண்ணியை நினைத்துத்தான் பயம். நாளெல்லாம் புருஷன் குரல் வீட்டுக்குள் ஒலித்தால் ஒரு பெண் என்ன ஆவாள்? உன்னை அடக்கம் செய்த மாதத்திலேயே “அதைக் கேக்காதீங்க அண்ணி, ஒடம்புக்கு ஆகாது” என்று கேசட்டை பீரோவில் வைத்துப் பூட்டியவள் நான்தான். ஜெனிக்காக மட்டும் எடுத்து டேப்பில் போட்டு வைப்போம், ராத்திரி மறுபடி பூட்டிவிடுவேன். இப்போது வேண்டுமானால் பக்கத்து வீட்டில் போய் இருங்கள் என்று அண்ணியிடம் சொன்னேன்.

அவர்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள். “அவ மோதினாத்தான் நானும் கேக்க முடிஞ்சுது, பிலோ. நாளு முழுக்க மோதலைன்னா எனக்கு ஒரு மாதிரி இருக்கும். பெத்தவ பேசுற பேச்சா இது? அவ தலையைத் தூக்கும்போதே என் கை பொத்தானுக்குப் போயிரும். அவளுக்காகன்னு நெனச்சியா?” பிறகு மெதுவாகக் கேட்டார்கள். “இப்ப அவளுக்கு ஒரு அட்டை இருக்கு. எனக்கு என்ன இருக்கு?”

மூன்று கட்டத் தாளை ஜெனிக்கு மட்டுமே போட்டேன், அண்ணே. பக்கத்திலேயே நின்றவருக்குப் போடவில்லை. பீரோ சாவியை எடுத்து அண்ணியின் கையில் வைத்தேன். அன்று மதியம் ஜெனி கொல்லையில் இருந்தபோது, யாரும் மோதாமல், யாரும் அழாமல், நீ இந்த வீட்டில் பேசினாய்.

சண்டை தீர்ந்தது. உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி நம் வீட்டில் யாரும் உன்னைக் கேட்பதற்காக அடிபட வேண்டாம், வாய் திறந்து கேட்டாலும், அட்டை நீட்டினாலும், சும்மா வந்து நின்றாலும் போதும். இதை மட்டும் ஒருநாளும் தவறாமல் உள்ளது உள்ளபடி எழுதிவைப்பேன்.

ஜெனியின் அத்தையும் உன் ஒரே தங்கச்சியுமான,
பிலோமினா