சேவல் முத்திரை

தூரின்,
பிப்ரவரி 11, 1951

அன்புள்ள செராஃபினாவுக்கு,

நீயும் அம்மாவும் நலம்தானே? நீ அனுப்பிய ரொட்டி வந்தது. இந்த ஊர் ரொட்டி காலையில் பஞ்சு, சாயங்காலம் கல். நம் மத்தேரா ரொட்டி தீரும்வரை ருசி மாறுவதில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அல்தமூராவில் அசுந்தா என்ற பெண்ணை எனக்குப் பேசி முடித்துவிட்டார்கள். ஏப்ரல் எட்டாம் தேதி நம்மூரிலேயே கல்யாணம். உன் மனசு பெரியது, தப்பாக நினைக்க மாட்டாய்.

ஒரு உதவி. நான் ஆடு மேய்த்த காலத்தில் உனக்குச் செதுக்கித் தந்தேனே, சேவல் பிடி வைத்த ரொட்டி முத்திரை, அதைத் திருப்பி அனுப்பு. அசுந்தா முத்திரை கேட்கிறாள். தொழிற்சாலை வேலையில் எனக்குச் செதுக்க நேரமில்லை. அதில் என் பெயர் எழுத்துகள்தானே இருக்கின்றன? உன் பெயர் இல்லையே.

ரொக்கோ

*

மத்தேரா,
மார்ச் 2, 1951

அன்புள்ள ரொக்கோவுக்கு,

அம்மா நலம். கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.

முத்திரையை ஒரு பெண் வாங்கிக்கொண்டால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம் என்பது நம்மூர் நாய்க்குக்கூடத் தெரியும். நான் வாங்கிக்கொண்டேன். அது உனக்கு மறந்துபோயிற்று போல. போகட்டும், சேவலைத் துணியில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். சந்தோஷமாக இரு.

அசுந்தாவிடம் ஒன்று சொல். மாவின்மேல் முத்திரையை ஆழமாக அழுத்தட்டும். இங்கே எல்லார் வீட்டு மாவும் கொஸிமோவின் ஒரே அடுப்பில்தான் வேகிறது. அவன் ஆள் முகம் பார்ப்பவனில்லை. முத்திரையைப் பார்ப்பான், அந்த வீட்டில் ரொட்டியை இறக்குவான்.

செராஃபினா

*

அல்தமூரா,
மார்ச் 27, 1951

அன்புள்ள செராஃபினாவுக்கு,

உன்னைப்போல் ஒருத்தி கிடையாது! நேற்று அசுந்தா கையில் சேவலைக் கொடுத்தேன். குளிர்காலம் முழுக்க அவளுக்காக உட்கார்ந்து செதுக்கினேன் என்று சொல்லியிருக்கிறேன். கண் கலங்கிவிட்டாள். நீ எங்கேயும் உளறிவிடாதே.

கல்யாணத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை, அவளும் அவள் அத்தையும் மத்தேராவில் நான் பிடித்திருக்கும் வீட்டில் விருந்து ரொட்டிக்கு மாவு பிசைவார்கள். நான் அன்று சாயங்கால ரயிலில் வருகிறேன். நீயும் விருந்துக்கு வா.

ரொக்கோ

*

தூரின்,
ஏப்ரல் 15, 1951

செராஃபினா,

என்ன செய்தாய் நீ? நான் வந்து இறங்கினால் வீட்டில் ஈ காக்கா இல்லை. அசுந்தா பஸ் ஏறிப் போய்விட்டாள். தேடிப் போனால் அவள் அண்ணன்மார் வாசலிலேயே மறித்துக் கன்னத்தில் அறை விட்டார்கள். கொஸிமோவைக் கேட்டால் சிரிக்கிறான். ஊரே சிரிக்கிறது. பதில் எழுது.

ரொக்கோ

*

மத்தேரா,
ஏப்ரல் 22, 1951

ரொக்கோ,

நான் ஒன்றும் செய்யவில்லை. கேட்டாய், கொடுத்தேன்.

நீ ரயிலேறிய வாரத்திலிருந்து என் வீட்டு ரொட்டியெல்லாம் உன் முத்திரையோடுதான் அடுப்புக்குப் போயிற்று. நாலு வருஷம். உனக்கு அனுப்பிய ரொட்டிகளிலும் அதே எழுத்துகள்தான். உன் பெயரையே தின்றுகொண்டிருந்தாய். ஒரு தடவைகூட மேலே பார்க்கவில்லை.

சேவலை அனுப்பிய பிறகு நான் மாவு பிசையவில்லை. வேறு முத்திரை குத்தினால் கொஸிமோ விழித்துக்கொள்வானே! இருந்த பழைய ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து, வெங்காயமும் எண்ணெயும் விட்டு நானும் அம்மாவும் தின்றோம். அது தீர்ந்ததும் சித்தி வீட்டில் வாங்கிக்கொண்டோம். முத்திரை விழுந்த ஒரு காய்ந்த துண்டை மட்டும் அலமாரியில் எடுத்து வைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் கொஸிமோ பலகை பலகையாகக் கொண்டுவந்து இறக்கினான். "என்ன செராஃபினா, ஊருக்கே சோறு போடப் போறியா?"

"ஆமா கொஸிமோ, இறக்கு."

பின்னாலேயே அசுந்தா ஓடிவந்தாள், முழங்கைவரை மாவு. "எங்க ரொட்டிய எதுக்கு இங்க போட்டீங்க?"

"இந்த வீட்டு முத்திரைம்மா! நாலு வருஷமா நான்தானே கொண்டாந்து போடுறேன், எனக்குத் தெரியாதா?" என்று கொஸிமோ கத்தினான்.

அலமாரித் துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். புது ரொட்டியின் பக்கத்தில் வைத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்காகச் செதுக்கினேன்னு சொன்னாரே, அக்கா."

"எங்கிட்டயும் அதைத்தான் சொன்னான்."

உட்கார்ந்து அழுதாள். தேற்றவில்லை. ஒரு ரொட்டியை அறுத்து, எண்ணெய் விட்டுக் கொடுத்தேன், சாப்பிட்டாள். நல்ல கைப்பக்குவம் அந்தப் பெண்ணுக்கு. மடியிலிருந்த சேவலை எடுத்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ரொக்கோ. பொய் சொல்ல மாட்டேன். வயிறு குளிர்ந்துபோயிற்று. அந்தப் பிள்ளையின் அழுகை மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. அதையும் உன் கணக்கில்தான் எழுதிக்கொண்டேன்.

சேவலைக் கொஸிமோவின் அடுப்பில் போட்டுவிட்டேன். விருந்து ரொட்டியைத் தெருவே தின்று தீர்த்தது. உனக்கென்று ஒன்று எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவையாவது மேலே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கடி.

செராஃபினா