கம்பியின் உயரம்

மரியம்பாளையம்,
ஜனவரி 27

அன்புள்ள பெனடிக்ட்டுக்கு,

பாக்கியநாதன் எழுதுகிறேன். உறையின் பின்புறம் என் பெயரைப் பார்த்த பிறகும் பிரித்திருக்கிறாய் என்றால் நன்றி. பதிமூன்று ஆண்டுகளாக நீ என் போனை எடுப்பதில்லை. தபாலை அப்படித் துண்டிக்க முடியாது என்று நம்பித்தான் மஸ்கட்டுக்கு ஸ்டாம்ப் ஒட்டினேன்.

இங்கே நாங்கள் நலம். என் இடது முழங்கால் மட்டும் மாற்றுக் கருத்து வைத்திருக்கிறது. மோட்டார் காயில் கட்டும் கடை ஓடுகிறது. கிணறுகள் வற்றினால் மோட்டார் கருகும், மோட்டார் கருகினால் எனக்குச் சோறு. ஆகவே மழைக்காக நான் ஜெபிக்கும்போது முழு மனதோடு ஜெபிப்பதில்லை. மகள் ஆன்சி சேலத்தில் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். உன் அம்மா தெரசம்மாள் சுகம். அவரைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

பங்குக்குப் புதுச் சாமியார் வந்திருக்கிறார். முதல் ஞாயிறு பிரசங்கத்தில் நம்பிக்கையைப் பற்றிப் பேசினார். எல்லாச் சாமியாரும் பேசுவதுதான். நம்பிக்கை என்பது செத்த பிறகு வழங்கப்படும் பொருள் என்று நானும் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இவர் அதை அடிக்கணக்கில் அளப்பவர் என்று அப்போது தெரியாது.

நவம்பரில் கடைக்கு வந்தார். செபஸ்தியார் தேர் கீழத்தெருவுக்கு ஏன் போவதில்லை என்று கேட்டார். மின்கம்பி தாழ்வு என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது. அளந்த சீட்டு இருக்கிறதா என்றார். பழைய கணக்கு சாமி, எங்கேயோ போய்விட்டது என்றேன். அவர் சிரிக்கவில்லை. "கம்பிக்கு வயசானா கூன் விழுமா பாக்கியநாதன்? டேப்பை எடுத்துக்குங்க, போய் அளந்துட்டு வந்துரலாம்" என்றார்.

மூங்கிலில் டேப்பைக் கட்டி இரண்டு தெருவையும் அளந்தோம். தேர் உச்சிச் சிலுவையோடு பதினேழரை அடி. மேலத்தெருக் கம்பி பதினாறு. கீழத்தெருக் கம்பி பத்தொன்பதே கால்.

உனக்கு ஞாபகம் இருக்கும். மேலத்தெருவில் வருடாவருடம் கரண்டை நிறுத்திவிட்டு, இரண்டு கவைக்கோலால் கம்பியைத் தூக்கித்தான் தேரை விடுவோம். ஒரு கோலை நான் பிடிப்பேன், இன்னொன்றை நீ. தூக்க வேண்டிய கம்பி இருந்த தெருவில் தேர் போனது. தூக்கவே வேண்டாத தெருவுக்குக் கம்பியைக் காரணம் சொன்னோம். இதில் உள்ள நகைச்சுவை பதிமூன்று ஆண்டு யார் கண்ணிலும் படவில்லை.

பதிமூன்று ஆண்டுக்கு முன் நடந்த விழாக் கூட்டத்தில், எங்கள் தெருவுக்கு மட்டும் தேர் ஏன் வருவதில்லை என்று நீ கேட்டாய். சாதி என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. நம் பங்கில் அது கிடையாது, மின்சாரம்தான் உண்டு. விழாக் குழுத் தலைவர் மார்ட்டின் அண்ணன் என் பக்கம் திரும்பினார், எலக்ட்ரீஷியன் சொன்னால் மறுபேச்சு இல்லை என்பதால். கம்பி தாழ்வு என்றேன். நீ என்னைப் பார்த்தாய். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனாய்.

இந்த முறை சாமியார் அளவுகளை என்னையே கூட்டத்தில் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். சீட்டில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்தேன்: "அன்னிக்கு நான் அளக்கவே இல்லீங்க." மார்ட்டின் அண்ணன் கூரையைப் பார்த்தார், அங்கே கம்பி ஏதும் இல்லை. பிறகு தெரு குறுகல் என்றார். சாமியார் அதையும் அளந்து வைத்திருந்தார். ரோடு மோசம் என்றார் மார்ட்டின் அண்ணன். சாமியார் மேலத்தெருவில் இருக்கும் குழிகளை எண்ணி வைத்திருந்தார். தேர் கீழத்தெருவுக்கும் போகும் என்று முடிவானது.

கூட்டம் முடிந்த மூன்றாம் நாள் வீட்டுக்காரி அக்சிலியா சாம்பார் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "ஊட்டுக்கு வாரவங்ககிட்ட எல்லாம் தாழ்வு, தாழ்வுன்னீங்களே. இப்ப ஒரே மாசத்துல வளந்துருச்சுங்களா?" நான் சாம்பாரைப் பாராட்டினேன்.

திருவிழாவுக்கு முதல் நாள் தேர் இழுக்கும் டிராக்டருக்குத் திடீரென்று உடம்பு சரியில்லாமல் போனது. உரிமையாளர் மேலத்தெருக்காரர் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டையாம்பட்டியில் தறி ஓட்டும் சுவாமிநாதன் தன் வண்டியை அனுப்புகிறேன் என்றார், தன் டிராக்டருக்கு இன்னும் இந்த நோய் வரவில்லை என்று. சாமியார் நன்றி சொல்லிவிட்டு வடக்கயிறு கட்டச் சொன்னார். கீழத்தெரு முழுக்கக் கயிற்றைப் பிடித்தது. மேலத்தெருவில் பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பிள்ளைகள் பின்வாசல் வழியாக வந்து சேர்ந்துகொண்டார்கள். டிராக்டரை வேடிக்கை பார்ப்பதைவிடக் கயிறு இழுப்பது சுகமாம். கடைசியில் மார்ட்டின் அண்ணனே வந்தார். கம்பி இடிக்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். பார்த்துக்கொண்டே தெருக்கோடி வரை இழுத்தார்.

தேர் உன் வீட்டு வாசலில் நின்றது. உன் அம்மா நேர்ச்சையாகத் தேர்மேல் வீசும் உப்பும் மிளகும் கையில் வைத்துக்கொண்டு நின்றார், ஆனால் வீசவில்லை. சாமியார் ஏனம்மா என்று கேட்டார். "கல்யாணமாயி வந்த நாள்ல இருந்து முக்குல நின்னுதானுங்க சாமி வீசுனேன். பாதி ரோட்டுலதான் உழுகும். இன்னிக்குக் கையாலயே வெச்சறனுங்க" என்றார். செபஸ்தியார் காலடியில் வைத்தார். செண்டை மேளக்காரர்கள் தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள். எனக்குக் கண்ணில் பட்டாசுப் புகை.

இந்தச் செய்தியை உனக்குப் போனில் சொல்லும்படி உன் அம்மாவிடம் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டார். "கம்பின்னு சொன்னவனே சொல்லட்டும்" என்றார்.

ஆகவே சொல்கிறேன். கீழத்தெருக் கம்பியின் உயரம் பத்தொன்பதே கால் அடி. அன்றும் அதுவேதான்.

அடுத்த ஜனவரி இருபது திருவிழாவுக்கு லீவு கேட்டுப் பார். மேலத்தெருக் கம்பி இன்னும் பதினாறு அடியில்தான் தொங்குகிறது. இந்த ஆண்டு உன் கோலை வேறொருவன் பிடித்தான், என் பக்கத்துக்குச் சரியாக வரவில்லை. அம்மா உனக்கு மிளகு எடுத்து வைத்திருக்கிறார். உன்னையும் உன் குடும்பத்தையும் செபஸ்தியார் காப்பாராக. என்னை என்ன செய்வது என்பதை நீ பார்த்துக்கொள்.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
பாக்கியநாதன்