உங்கள் கல்லில் சிலுவை வேண்டாம் என்றேன்

அக்கா,

இன்று காலை கல்பட்டறைக்காரர் போன் செய்தார். உங்கள் கல்லறைக்கான கல்லைத் தேய்த்து முடித்துவிட்டாராம். "டீச்சர், சிலுவையை உச்சியில வெட்டவா, பேருக்குக் கீழ வெட்டவா?" என்று கேட்டார். அடுப்பில் இருந்த பாலை நான் மறந்தே போனேன். அது பொங்கி, வழிந்து, தீய்ந்த வாடை இன்னும் சமையலறையை விட்டுப் போகவில்லை. அந்த வாடைக்குள் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எழுத்தில் எரிச்சல் தெரிந்தால் பாலின் மேல் பழியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

"சிலுவை வெட்டச் சொன்னது யாருங்க?"

"நம்ம ஜெயசீலன் சார்தான். பணிய ஆரம்பிக்கச் சொல்லிட்டாக."

வேறு யாராவது என்றால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. ஜெயசீலன் எங்கள் சபைக் கமிட்டிச் செயலர் மட்டுமா? உங்கள் வீட்டுக் கூடத்தில் வியாழக்கிழமைதோறும் போட்ட மூன்றாவது நாற்காலி அவருடையது. நீங்கள் யூதர் என்று தெரிந்தே, உங்களோடு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து வேதம் வாசித்த மனிதர் உங்கள் தலைமாட்டில் சிலுவை வைக்கப் பார்க்கிறார். ஊர் அறியாதவன் செய்தால் அறியாமை. இவருக்கு என்ன பேர் வைப்பது?

நமக்குள் பழக்கம் வந்ததே காம்பவுண்டுச் சுவரால்தான். இரும்பு துருப்பிடிப்பதை ஆராயும் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்று நீங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த புதிது. சபைப் பிள்ளைகளுக்கு நடத்தும் ஓய்வுநாள் பள்ளிப் பாடத்தை நான் வாசலில் நின்று சத்தமாக வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நீங்கள், "ஆதியாகமமா டீச்சர்? எங்க வீட்லயும் அந்தப் புத்தகந்தான்" என்றீர்கள். அதுவரை உங்களை நான் பிராமண வீட்டுப் பெண் என்றே நினைத்திருந்தேன். காரைக்குடியில் முப்பது வருடத்துக்கு மேல் குடியிருந்துகொண்டு கோழிக்குழம்பைக் கையால் தொடாத ஒருவரை வேறு என்ன நினைப்பது? கொச்சியில் பிறந்தவர், உறவெல்லாம் ஒவ்வொருவராக இஸ்ரேலுக்குப் போன பிறகும் வேலைக்கு வந்த ஊரிலேயே தங்கிவிட்டவர் என்பதெல்லாம் மெல்லத்தான் தெரிந்தது.

'பழைய ஏற்பாடு' என்று நான் சொன்னபோது, "உங்களுக்கு அது பழசு. எனக்கு இருக்கிறதே அது ஒண்ணுதானே" என்று சிரித்தீர்கள். நான் வெட்கப்பட்டேன். வெட்கப்பட வைத்துவிட்டுப் பலகாரத் தட்டை நகர்த்துவது உங்கள் வழக்கம்.

அந்தக் கூடத்தில் எங்களுக்கு நீங்கள் போட்ட தடை ஒன்றுதான். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஜெயசீலனும் நானும் இரண்டு நிமிடத்தில் இயேசுவிடம் போய்விடுவோம். பிறந்ததிலிருந்து பழகிய பாதை. கால் தானாகப் போகும். உடனே உங்கள் உள்ளங்கை பக்கத்தின் மேல் வந்து விழும். "உங்க வீட்டுக்கு அப்புறம் போகலாம். இந்த வீட்டுக்கு வந்துட்டு உக்காராமப் போனா எப்படி?"

ஆபிரகாம் மகனைப் பலியிட மலைக்குக் கூட்டிப்போன கதையை வாசித்த நாள் ஞாபகம் இருக்கிறதா? ஜெயசீலன் வழக்கம்போல, "இது பிதா குமாரனைத் தந்ததுக்கு முன்அடையாளம்" என்று ஆரம்பித்தார். கை விழுந்தது. "இருக்கட்டும் சார். மலையை விட்டு இறங்குறப்போ யார் யார் இறங்குறாக? வாசிங்க." வாசித்தார். ஆபிரகாம் வேலைக்காரரிடம் திரும்பி வந்தார் என்று இருந்தது. மகன் ஈசாக்கின் பேர் இல்லை. மறுபடி வாசித்தார். அப்போதும் இல்லை.

"கூட்டிட்டுப் போனவரு தனியாவா வந்தாரு?" என்று ஜெயசீலன் கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது. எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொடுத்தவள் நான். கத்தி தடுக்கப்பட்டது, ஆட்டுக்கடா கிடைத்தது, ஆமென். அந்தப் பையன் எப்படி வீட்டுக்குப் போனான் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

"உங்க பக்கத்துல என்ன சொல்றாக?" என்று கேட்டேன்.

"கூடவே வந்தான், சொல்லணுமான்னு விட்டுட்டாகம்பாக சில பேர். அப்பன் முகத்துல முழிக்கப் பிடிக்காம வேற வழியாப் போயிட்டான்னு சொல்றவுகளும் இருக்காக."

"இதுல எது சரி?"

"ரெண்டையும் வச்சுக்கிட்டுத் தூங்குங்க டீச்சர்."

எனக்கு அப்படியே புத்தகத்தை மூடி எழுந்து போகலாம் போல இருந்தது. உங்களோடு படித்ததில் பாதி நாள் எனக்கு இந்த ஆத்திரம்தான். கேட்டதற்கு ஒரு பதில் தருவதில் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்? துருப்பிடித்த இரும்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் அச்சடித்த மாதிரி பதில் சொல்வீர்கள். கடவுளைப் பற்றிக் கேட்டால், இன்னொருவர் கருத்துக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவீர்கள்.

அதைவிடக் கொடுமை, நாங்கள் இருவரும் மோதிக்கொள்ளும்போது நீங்கள் செய்தது. மறுப்பதற்கு முன்னால் எதிராளி சொன்னதை அவரைவிட நன்றாகச் சொல்லிக் காட்ட வேண்டும். உங்கள் ஆட்கள் அப்படித்தான் படிப்பார்களாம். ஜெயசீலனின் வாதத்தை நான் ஜோடித்துக் கொடுக்க வேண்டும், அவர் அதைக் கேட்டுத் தலையாட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் நான் வாயைத் திறக்கலாம். பல நாள் ஜோடித்து முடிப்பதற்குள் எனக்குக் கோபம் ஆறிவிடும். சண்டை போடக்கூட விடாத சண்டை.

போன மாதம் நீங்கள் போனதும் அப்படித்தான், பாதிப் பேச்சில். யோபு புத்தகத்தில், துன்பப்படுகிறவரிடம் சிநேகிதர்கள் பேச வாயெடுத்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். காலையில் பால்காரர் வந்து உங்கள் வீட்டுக் கதவு திறக்கவில்லை என்றார். மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். அடக்கத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்று உங்கள் தம்பி இஸ்ரேலிலிருந்து போனில் அழுதார். "என்னை ஊர் ஊராத் தூக்கிக்கிட்டு அலையாதீக, இங்குட்டே ஒரு ஓரம் பாருங்க" என்று நீங்களும் முன்பே சொல்லியிருந்தீர்கள். சொல்வது சுலபம். சபையில் சேராதவருக்குச் சபைக் கல்லறையில் எப்படி இடம் தருவது என்று கமிட்டி முரண்டு பிடித்தது. அன்று மேசையைத் தட்டியது யார்? இதே ஜெயசீலன்தான். "அவுக நம்ம ஆண்டவரோட சொந்த ஜனம்யா. அவுகளுக்கு இடமில்லேன்னா நமக்கு ஏது?" என்று கத்தி உங்களுக்கு இடம் வாங்கினார். பெட்டியைத் தோளில் தூக்கினார்.

அந்த மனிதர்தான் சிலுவை வெட்டச் சொல்லியிருக்கிறார். ஆட்டோ பிடித்துக் கல்லுக்கட்டி கடைவீதியில் இருக்கும் அவருடைய இரும்புச் சாமான் கடைக்கே போய்விட்டேன்.

"அவுக உயிரோட இருக்கறப்ப இதைக் கேட்டிருப்பீகளா?" என்றேன். எடுத்த எடுப்பில் அப்படித்தான் வந்தது.

"கேட்டேன் டீச்சர். ஒருநா தனியா இருக்கறப்ப, இயேசுவை ஏத்துக்கங்கன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டுப் பணியாரத்தை எடுத்து வச்சாக."

"அது பதில் இல்லையா?"

அவர் கடைப் பையனை டீ வாங்க அனுப்பினார். எனக்கு உங்கள் பழக்கம் தொற்றிக்கொண்டது. "சரி, நீங்க சொல்றதை நான் சொல்றேன், சரியான்னு பாருங்க. அது சபையோட இடம். சுத்தி எல்லாக் கல்லுலயும் சிலுவை இருக்கு. இவுக கல்லு மட்டும் மொட்டையா நின்னா, செத்த பிறகும் ஒதுக்கி வச்ச மாதிரி இருக்கும். அதானே?"

தலையாட்டுவார் என்று பார்த்தேன். இல்லை என்றார்.

"அது கமிட்டிக்குச் சொன்னது. எனக்கு அது இல்ல." கல்லாவில் கிடந்த பூட்டு ஒன்றை எடுத்துத் திறந்து திறந்து மூடினார். "நான் நாளைக்கு அங்குட்டுப் போறேன்னு வச்சுக்கங்க. எல்லாரும் இருக்காக. அவுக மட்டும் இல்ல. அப்ப நான் என்ன செய்வேன் டீச்சர்? அந்தச் சிலுவையைப் பாத்தாவது ஆண்டவரு உள்ள விட்டுர மாட்டாரா?"

அறுபது வயது மனிதர், கடையில் ஆள் நிற்க, கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவரை அறையலாம் போலவும் இருந்தது, கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

ஆனாலும் விடவில்லை அக்கா. "உங்க மனசு ஆறணும்னு, அவுக சொல்லாததை அவுக பேருக்கு மேல வெட்டுவீகளா? எந்திரிச்சு வந்து கையை வைக்க முடியாதுன்னுதானே?" என்றேன். அது அவருக்கு எங்கே தைக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

பூட்டைக் கல்லாவில் போட்டுவிட்டுக் கல்பட்டறைக்குப் போன் போட்டார். "சிலுவை வேணாம்ப்பா. பேரு மட்டும் வெட்டு. டீச்சர் அவுக தம்பிகிட்ட கேட்டு எபிரெய எழுத்துல ஒரு தாள் தருவாக, அதையும் பாத்து வெட்டு" என்றார். என் பக்கம் திரும்பாமலே, "வியாழக்கிழமை வாரேன். யோபுவை எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டு ஆணி கேட்டு வந்தவரைக் கவனிக்கப் போய்விட்டார்.

ஜெயித்துவிட்டேன். உங்கள் கல் உங்கள் கல்லாகவே நிற்கும். ஆனால் அவருடைய பரலோகத்தில் அவர் உங்களுக்கென்று போட்டு வைத்திருந்த நாற்காலியை எடுத்துவிட்டல்லவா இதை வாங்கியிருக்கிறேன்? செய்தது சரிதானா என்று கேட்டால் உங்களிடமிருந்து என்ன வரும் என்று தெரியும். அதனால்தான் உங்கள் மேல் இவ்வளவு கோபம்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் கேட்டதை அவரைவிட நன்றாகச் சொல்லிப் பார்க்கிறேன். நாங்கள் இவ்வளவு நேசித்த ஒருத்தியை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே போய் நாங்கள் மட்டும் எப்படிப் பாடிக்கொண்டிருப்பது? சொல்லியாகிவிட்டது அக்கா. மறுக்கத்தான் வரவில்லை.